'பாஸ்வேர்டு சரிதான், ஆனா உள்ளே விடலை': எல்டாப்3 லைப்ரரி எப்படி?

பைத்தான் ஸ்கிரிப்டில் இருந்து ஆக்டிவ் டைரக்டரியை, அதாவது விண்டோஸ் நெட்வொர்க்கில் ஆட்களின் அக்கவுண்டுகள் இருக்கும் பட்டியலை, கேட்டு இந்த ஆளின் பெயரும் பாஸ்வேர்டும் சரியா என்று பார்க்க வேண்டுமானால் எல்டாப்3 லைப்ரரியைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். எல்டாப் என்பது அந்த மாதிரிப் பட்டியலோடு பேசும் நெறிமுறை. ஆனால் இறக்கிய கையோடு, ஒரு செட்டிங்கையும் தொடாமல், நாலு பேர் உபயோகிக்கும் இடத்தில் வைத்துவிடாதீர்கள். லாகின் ஏன் விழுந்தது என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. அதே லைப்ரரி, பாதுகாப்பு விஷயத்தில் சில இடங்களில் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. இந்த இரண்டாவது பாதியைப் பலரும் சொல்வதில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது ராணிப்பேட்டை சிப்காட் பக்கம், ஷூ தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில். கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங், பேக்கிங் என்று ஒவ்வொரு பிரிவின் சூப்பர்வைசரும் ஷிப்ட் தொடங்கும்போது ஒரு பக்கத்தில் லாகின் செய்து முந்தைய நாள் கணக்கை ஏற்ற வேண்டும். அந்தப் பக்கத்துக்குப் பின்னால் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் இருக்கிறது, அது ஆக்டிவ் டைரக்டரியை வைத்திருக்கும் சர்வரான விண்டோஸ் டொமைன் கன்ட்ரோலரிடம் கேட்டுத்தான் ஆளை உள்ளே விடும். ஆற்காடு, வாலாஜா, மேல்விஷாரம், காட்பாடி என்று எல்லாப் பக்கமிருந்தும் கம்பெனி பஸ் வந்து நின்றதும் யாராவது ஒருவர் போன் செய்து, "தம்பி, நேத்து வரைக்கும் போச்சு, இன்னிக்கு உள்ளே விட மாட்டேங்குது" என்பார். கணக்கு ஏறவில்லை என்றால் அந்த லைனில் தைத்தவர்களின் இன்சென்டிவ் கணக்கும் அப்படியே நிற்கும். அதனால் "உங்க பாஸ்வேர்டு தப்புங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி அனுப்புவது எனக்குப் பிடிக்காது. காரணம் தெரிய வேண்டும், அதுவும் உடனே தெரிய வேண்டும்.

முதலில் இன்ஸ்டால் செய்வது பற்றி. இதில் எல்டாப்3க்கு முழு மதிப்பெண். முழுக்க பைத்தானிலேயே எழுதப்பட்டது, கூடத் தேவைப்படுவது பைஏஎஸ்என்1 என்ற இன்னொரு சின்ன பேக்கேஜ் மட்டும். எங்கள் சர்வரில் இன்டர்நெட் கிடையாது. இரண்டு வீல் ஃபைல்களை, அதாவது தயாராகக் கட்டிவைத்த பைத்தான் பேக்கேஜ்களை, பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட்டால் முடிந்தது. இதற்குப் போட்டியாக இருக்கும் பைத்தான்-எல்டாப், ஓபன்எல்டாப்பின் சி லைப்ரரி மேல் போர்த்தப்பட்ட ஒன்று. லினக்ஸில் அதைக் கம்பைல் செய்ய எல்டாப், சாஸ்ல் இரண்டின் டெவலப்மென்ட் ஃபைல்களும் வேண்டும், விண்டோஸில் அது இன்னும் பெரிய பாடு. வேகமும் உழைப்பும் உள்ள நல்ல சாமான்தான், மறுக்கவில்லை, ஆனால் அவசரத்துக்கு உதவுவது எல்டாப்3தான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பைண்ட், அதாவது பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து சர்வரில் நுழையும் படி, விழுந்தால், கனெக்‌ஷனின் ரிசல்ட்டை அப்படியே பிரின்ட் செய்து பாருங்கள். 49 என்று ஒரு எண் வரும், இன்வேலிட் கிரெடென்ஷியல்ஸ் என்று விளக்கமும் வரும். பெரும்பாலானவர்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். 49 என்பது எல்டாப் நெறிமுறையின் பொதுவான பதில், அதில் விஷயமே இல்லை. விஷயம் அதற்குக் கீழே மெசேஜ் என்ற இடத்தில், 80090308 என்று தொடங்கும் நீளமான வரியில், 'டேட்டா' என்ற சொல்லுக்கு அடுத்து இருக்கிறது. அந்த மூன்றெழுத்துத்தான் டொமைன் கன்ட்ரோலர் உண்மையில் என்ன நினைக்கிறது என்பதைச் சொல்லும். 52இ என்றால் பெயரோ பாஸ்வேர்டோ பொருந்தவில்லை. 532 என்றால் பாஸ்வேர்டு காலாவதி. 533 என்றால் அக்கவுண்ட் முடக்கப்பட்டிருக்கிறது. 701 அக்கவுண்டின் காலமே முடிந்துவிட்டது, ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்கு இது அடிக்கடி வரும். 773 என்றால் அடுத்த லாகினில் பாஸ்வேர்டை மாற்றியே ஆக வேண்டும் என்று யாரோ டிக் வைத்திருக்கிறார்கள். 775 என்றால் பூட்டிக்கிடக்கிறது. 530ம் 531ம் வந்தால் அந்த நேரத்தில், அந்த மெஷினில் லாகின் செய்ய அனுமதி இல்லை என்று அர்த்தம். ஷிப்ட் நேரத்துக்கு ஏற்ப லாகின் நேரத்தைக் கட்டிவைத்திருக்கும் இடங்களில் இரவு ஷிப்ட் ஆட்கள் 530இல் மாட்டுவார்கள்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. 532, 533, 773 இவையெல்லாம் பாஸ்வேர்டு சரியாக இருந்தால்தான் வரும். தப்பான பாஸ்வேர்டோடு போனால் சர்வர் இந்த விவரத்தையெல்லாம் சொல்லாது, 52இ என்று முடித்துவிடும். ஆகவே 773 வந்தால் போன் செய்தவர் சொன்னது உண்மை, அவர் பாஸ்வேர்டு சரியாகத்தான் போட்டிருக்கிறார், தப்பு நம் பக்கம். ஹெச்.ஆரில் புது அக்கவுண்ட் போடும்போது அந்த டிக்கை எடுக்காமல் விட்டிருப்பார்கள், நம் லாகின் பக்கத்திலோ பாஸ்வேர்டு மாற்ற வழியே இருக்காது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் போனில் பேசும் விதமே மாறிவிட்டது.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்றால், விண்டோஸின் சாதாரண எர்ரர் எண்களின் பதினாறடிமான வடிவம் இவை. 52இ என்பது 1326, 775 என்பது 1909. விண்டோஸில் எந்த மூலையில் 1909ஐப் பார்த்தாலும் அது பூட்டிய அக்கவுண்ட்தான்.

சரி, குறைக்கு வருவோம். எல்டாப்3 தானாக எக்ஸெப்ஷன் எறியாது. சர்வர் 'முடியாது' என்று சொன்னாலும் பைண்ட் பங்ஷன் அமைதியாக ஃபால்ஸ் என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடும். வேறு லைப்ரரிகளில் பழகியவர்கள் 'ட்ரை'க்குள் பைண்டைப் போட்டு, எக்ஸெப்ஷன் வந்தால் தோல்வி, வராவிட்டால் வெற்றி என்று எழுதுவார்கள். அந்தக் கோடு எல்டாப்3 மேல் ஓடினால் எந்தப் பாஸ்வேர்டு போட்டாலும் எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள். சரியான பாஸ்வேர்டு போட்டுச் சோதித்துப் பார்க்கிறவருக்கு இது கண்ணில் படவே படாது, எல்லாம் நன்றாக வேலை செய்கிறது என்றுதான் தெரியும். ஆகவே தப்பான பாஸ்வேர்டு போட்டு ஒருமுறை, பூட்டிய அக்கவுண்டை வைத்து ஒருமுறை சோதிக்காமல் எந்த லாகின் ஸ்கிரிப்டையும் ஒப்படைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இதற்கு 'ஆட்டோ பைண்ட்' போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது எக்ஸெப்ஷன் எறியும், உண்மைதான். ஆனால் 'இன்வேலிட் கிரெடென்ஷியல்ஸ்' என்ற பொதுவான வார்த்தையோடு நின்றுவிடும், மேலே சொன்ன டேட்டா எண் அந்த எக்ஸெப்ஷனில் வராது. எண் கையில் வர வேண்டும் என்றால் 'ரெய்ஸ் எக்ஸெப்ஷன்ஸ்' என்ற ஆப்ஷனை ட்ரூ என்று வைத்து, பைண்டை நாமே கூப்பிட வேண்டும். அப்போது 49க்கு என்று தனி எக்ஸெப்ஷன் வகையே வரும், அதற்குள் சர்வரின் முழு வரியும் இருக்கும். நான் எப்போதும் இப்படித்தான் வைக்கிறேன்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரிது. 636 போர்ட்டில் எஸ்எஸ்எல் போட்டுக் கனெக்ட் செய்தாலும், டிஎல்எஸ் செட்டிங்கைத் தனியாகக் கொடுக்காவிட்டால் எல்டாப்3 சர்வரின் சர்டிஃபிகேட்டைச் சோதிப்பதில்லை. யார் எந்தச் சர்டிஃபிகேட்டை நீட்டினாலும் சரி என்று ஒத்துக்கொண்டு பாஸ்வேர்டைக் கொடுத்துவிடும். என்கிரிப்ஷன் இருக்கிறது, ஆனால் எதிரில் இருப்பது நம் டொமைன் கன்ட்ரோலர்தானா என்ற உறுதி இல்லை. டிஎல்எஸ் ஆப்ஜெக்டில் வேலிடேட் என்பதை 'ரிக்வயர்ட்' என்று மாற்றி, கம்பெனியின் சொந்த சிஏ (மற்ற சர்டிஃபிகேட்டுகளுக்குக் கையெழுத்துப் போடும் அமைப்பு) சர்டிஃபிகேட் ஃபைலையும் காட்டிவிடுங்கள். அதோடு சர்வரை ஐபி எண்ணால் கூப்பிடாமல் சர்டிஃபிகேட்டில் இருக்கும் முழுப் பெயரால் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் பெயர் பொருந்தவில்லை என்று நிற்கும். இப்படி மாற்றியவுடன் கனெக்‌ஷன் விழுந்தால் எரிச்சலில் பழையபடி மாற்றிவிடாதீர்கள். விழுகிறது என்றால் சோதனை நடக்கிறது என்று அர்த்தம், சிஏ ஃபைல் சரியா என்று பாருங்கள்.

389 போர்ட்டில் என்கிரிப்ஷன் இல்லாமல் பைண்ட் செய்தால் பாஸ்வேர்டு நெட்வொர்க்கில் அப்படியே வெளிச்சமாகப் போகும். சைனிங் (செய்தியை வழியில் யாரும் மாற்றவில்லை என்று உறுதி செய்யும் கையெழுத்து) கட்டாயமாக்கப்பட்ட சர்வர் இதை ஏற்காமல் 8 என்ற எண்ணோடு, இன்னும் வலுவான முறை வேண்டும் என்று திருப்பி அனுப்பும். 8 வந்தால் பாஸ்வேர்டோடு மல்லுக்கட்ட வேண்டாம், 636க்கு மாறுங்கள் அல்லது 389இலேயே ஸ்டார்ட்டிஎல்எஸ் போட்டு என்கிரிப்ஷனைத் தொடங்குங்கள்.

பாராட்ட வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காலிப் பாஸ்வேர்டு. எல்டாப் தரத்தில், ஆர்எஃப்சி 4513இல், பெயரைக் கொடுத்து பாஸ்வேர்டைக் காலியாக விட்டால் அது 'அத்தாட்சி இல்லாத பைண்ட்' என்று ஒரு தனி வகை. சில சர்வர்கள் அதற்கு வெற்றி என்றே பதில் சொல்லும். ஸ்கிரிப்ட் அந்த வெற்றியை நம்பினால் பாஸ்வேர்டு பெட்டியைத் தொடாமலே யார் பெயரிலும் உள்ளே போகலாம். எல்டாப்3 இதைச் சர்வர் வரைக்கும் போகவே விடாது, சிம்பிள் பைண்டுக்கு பாஸ்வேர்டு கட்டாயம் என்று நம் பக்கத்திலேயே நிறுத்திவிடும். சர்டிஃபிகேட் விஷயத்திலும் இதே கண்டிப்பைக் காட்டியிருந்தால் எனக்குக் குறை சொல்ல அதிகம் இருந்திருக்காது.

அடுத்தது நம் ஊர்ப் பெயர்கள். இதைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது, ஏனென்றால் ஆங்கிலத்தில் இருக்கும் வழிகாட்டிகளில் எல்லா உதாரணமும் ஜான் ஸ்மித்துக்குத்தான். 'சாம் அக்கவுண்ட் நேம்' என்று ஆக்டிவ் டைரக்டரியில் இருக்கும் பழைய லாகின் பெயர், பயனர்களுக்கு 20 ஆங்கில எழுத்துக்கு மேல் போகாது. பாலசுப்பிரமணியன் ஏழுமலை என்ற ஆளுக்கு இரண்டு பெயரையும் புள்ளி வைத்துச் சேர்த்தால் அந்த எல்லை தாண்டிவிடும், வால் வெட்டுப்படும். அவர் முழுப் பெயரை அடித்து, ஸ்கிரிப்ட் முன்னால் டொமைனைச் சேர்த்து அனுப்பினால் 52இ தான் வரும்; அவரோ பாஸ்வேர்டை ரீசெட் செய்யச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பார், ரீசெட்டும் ஒன்றுக்கும் உதவாது. அவருடைய 'யூசர் பிரின்சிபல் நேம்', அதாவது ஈமெயில் மாதிரி அட் குறியோடு வரும் பெயர், வெட்டுப்படாமல் முழுதாக இருக்கும். அதில் பைண்ட் செய்தால் உடனே போகும். வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்களை வைத்திருக்கிற எந்த அலுவலகத்துக்கும் என் யோசனை, லாகினுக்கு அட் குறிப் பெயரையே வைத்துக்கொள்ளுங்கள்.

பேக்ஸ்லாஷ் தொல்லையும் அப்படித்தான். டொமைன், பேக்ஸ்லாஷ், பெயர் என்று பைத்தான் கோடுக்குள்ளே சாதாரண மேற்கோளில் எழுதினால், பேக்ஸ்லாஷுக்கு அடுத்த எழுத்தைப் பைத்தான் வேறு விதமாகப் படிக்கும். நந்தினியின் 'என்' புதுவரியாகிவிடும், தமிழ்ச்செல்வியின் 'டி' டேப் ஆகிவிடும், ரவியும் பாபுவும் இதே கதை. குமாருக்கும் முருகனுக்கும் சரவணனுக்கும் ஒன்றும் ஆகாது, உள்ளே போய்விடுவார்கள். உஷா என்று எழுதினால் ஸ்கிரிப்டே ஓடாமல் சின்டாக்ஸ் எர்ரர் வரும். சர்வீஸ் அக்கவுண்டின் பெயரை இப்படி நேராக எழுதி வைத்திருக்கும் இடங்களில், ஒரு பெயருக்கு வேலை செய்து இன்னொரு பெயருக்கு விழுந்தால் முதலில் அந்த எழுத்தைப் பாருங்கள். மேற்கோளுக்கு முன்னால் ஓர் 'ஆர்' போட்டால் சரியாகிவிடும். ஜேசன் கான்ஃபிக் ஃபைலிலும் இதே பிரச்சினை உண்டு, அங்கே பேக்ஸ்லாஷை இரட்டிப்பாக்க வேண்டும்.

இனிஷியல் வேறு. குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்கு இல்லாததால் இனிஷியலை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு ஹெச்.ஆரும் ஒவ்வொரு முடிவு எடுப்பார்கள். ஓபன்எல்டாப்பில் வழக்கமான ஆள் வகைக்கு 'எஸ்என்' என்ற குடும்பப் பெயர் கட்டாயம், அதனால் அங்கே ஒற்றை எழுத்து இனிஷியலை வைத்து நிரப்பியிருப்பார்கள், ஓரிடத்தில் புள்ளியோடு, இன்னோரிடத்தில் புள்ளி இல்லாமல். 'முருகன், எஸ்' என்று கமா போட்டுப் பெயர் வைத்தால் டிஎன்னில், அதாவது டைரக்டரிக்குள் அந்த ஆளின் முழு முகவரியில், அந்தக் கமாவை எஸ்கேப் செய்ய வேண்டும், அதாவது அதைப் பெயரின் ஓர் எழுத்தாகவே படிக்கும்படி குறிக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் பிரிவை அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால் தேடும் ஃபில்டர் உடைந்துபோகும். எல்டாப்3 இந்த இரண்டுக்கும் தயாராக பங்ஷன் கொடுத்திருக்கிறது, ஃபில்டருக்கு ஒன்று, டிஎன் பகுதிக்கு ஒன்று. அதைவிட நல்ல வழி, டிஎன்னை நாமே கட்டாமல் இருப்பது. சர்வீஸ் அக்கவுண்டில் பைண்ட் செய்து, ஆள் அடித்த லாகின் பெயரை எஸ்கேப் செய்து தேடி, சரியாக ஒரே ஒரு ஆள் கிடைத்தால் மட்டும் அவருடைய டிஎன்னை எடுத்து அவர் பாஸ்வேர்டோடு இரண்டாவது பைண்ட் செய்யுங்கள். இரண்டு பேர் கிடைத்தால் யாரையும் விடக்கூடாது. ஒரே இனிஷியலோடு சரவணன் எத்தனை பேர் என்று நம் பக்கத்தில் சம்பளப் பட்டியல் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

என்டிஎல்எம் என்ற விண்டோஸின் பழைய லாகின் முறையைப் பற்றிச் சுருக்கமாக. உபுண்டு 22.04 மாதிரி ஓபன்எஸ்எஸ்எல் 3 வைத்திருக்கும் மெஷின்களில் எம்டி4 ஆதரவு இல்லை என்று எர்ரர் வரும், ஏனென்றால் அந்தப் பழைய ஹாஷை ஓபன்எஸ்எஸ்எல் ஒதுக்கி வைத்துவிட்டது. பைக்ரிப்டோடோம் பேக்கேஜைச் சேர்த்துப் போட்டால் எல்டாப்3 அதிலிருந்து எம்டி4ஐ எடுத்துக்கொள்ளும். ஆனால் டொமைன் கன்ட்ரோலரில் சேனல் பைண்டிங் (லாகினை அந்த டிஎல்எஸ் இணைப்போடு கட்டிவைப்பது) கட்டாயமாக்கியிருந்தால் 80090346 என்று வரும், எல்டாப்3இன் 2.9.1 பதிப்பில் அதற்கு வழி இல்லை. அந்த நிலையில் 636 மேல் சிம்பிள் பைண்டுக்குப் போய்விடுவதுதான் சுலபம். டிக்கெட் வாங்கி லாகின் செய்யும் கெர்பரோஸ் முறை வேண்டும் என்றால் ஜிஎஸ்எஸ்ஏபிஐ பேக்கேஜ் தனியாக வேண்டும், கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் கெர்பரோஸ் ஒத்துக்கொள்ளாது. கோடையில் கரண்ட் போய்ப் போய் வரும் இடங்களில், சர்வர் திரும்ப எழுந்த பிறகு நேரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கரண்ட் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. கனெக்ட் டைம்அவுட், ரிசீவ் டைம்அவுட் இரண்டும் ஆரம்பத்தில் காலியாகவே இருக்கும். பக்கத்து பிளாக்கில் இருக்கும் டொமைன் கன்ட்ரோலர் படுத்துவிட்டால் ஸ்கிரிப்ட் பாட்டுக்குக் காத்துக்கொண்டிருக்கும், லாகின் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆட்கள் பட்டனை மறுபடி மறுபடி அழுத்துவார்கள். சில விநாடிகள் என்று ஓர் எண்ணை இரண்டுக்கும் கொடுங்கள். இரண்டு டொமைன் கன்ட்ரோலர் இருந்தால் ஒன்று விழுந்தால் மற்றதுக்குப் போகும் சர்வர் பூல் வசதியும் இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது.

எல்டாப்3 சொல்வதை இன்னொரு கருவியால் சரிபார்க்க நான் வைத்திருப்பது எல்டாப்-யூடில்ஸில் வரும் 'எல்டாப்ஹூஆம்ஐ' கமாண்ட். பைண்ட் செய்து 'நீ இன்னார்' என்று சொல்லிவிட்டு வெளியேறிவிடும், அவ்வளவுதான் அதன் வேலை. அங்கே போகிறது, ஸ்கிரிப்டில் போகவில்லை என்றால் குற்றம் ஸ்கிரிப்டில். ஆனால் அதை ஷெல்லில் ஓட்டும்போது கவனம் வேண்டும். இரட்டை மேற்கோளுக்குள் டாலர் குறியுள்ள பாஸ்வேர்டை எழுதினால் ஷெல் அதை மாற்றிவிடும், இரண்டு டாலர் சேர்ந்து வந்தால் ப்ராசஸ் எண்ணே போய் உட்கார்ந்துகொள்ளும். பாஸ்வேர்டை ஃபைலில் இருந்து படிக்கச் சொன்னால் ஃபைலின் கடைசியில் இருக்கும் புதுவரியையும் சேர்த்தே படிக்கும், எக்கோ போட்டு உண்டாக்கிய ஃபைல் என்றால் நிச்சயம் 49. கேட்கும்போது கையால் அடிப்பதே நல்லது. இன்னொன்று, சர்டிஃபிகேட் தப்பாக இருந்தாலும் இந்தக் கமாண்ட் 'சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை' என்றே சொல்லும். கேபிளைத் தேடி ஓடாமல் டிபக் ஆப்ஷனைப் போட்டுப் பாருங்கள், உண்மையான காரணம் அங்கே வரும்.

சோதிக்கும்போது எப்போதும் அதற்கென்று ஒரு தனி அக்கவுண்டை வைத்துக்கொள்ளுங்கள். சூப்பர்வைசரின் அக்கவுண்டில் தப்பான பாஸ்வேர்டோடு லூப் ஓட்டினால் அவர் 775இல் போய் நிற்பார், காலையில் கணக்கு ஏற்ற முடியாமல் தவிப்பது அவர்தான். எல்டாப்3இல் உண்மையான சர்வரே இல்லாமல் சோதிக்க மாக் வசதி இருக்கிறது, தேடும் பகுதியையும் ஃபில்டரையும் அதில் பார்த்துக்கொள்ளலாம். லாக் வசதியும் நல்ல தரம். விவர அளவை ஏற்றினால் ஒவ்வொரு கோரிக்கையும் பதிலும் தெரியும், பாஸ்வேர்டைத் தானாகவே மறைத்துவிடும்.

மதிப்பெண் கேட்டால் 5க்கு 3.5. ஒன்று சர்டிஃபிகேட்டுக்காகக் குறைத்தேன், அரை பராமரிப்புக்காக. நிலையான பதிப்பு 2.9.1 வெளிவந்தது 2021இல், அதற்குப் பிறகு 2.10க்கான முன்னோட்டப் பதிப்புகள் மட்டுமே வந்திருக்கின்றன. எல்ஜிபிஎல் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஆவணங்களும் விரிவாக இருக்கின்றன, ஆங்கிலத்தில்தான். புதிதாக ஒரு பெரிய அமைப்பைத் தொடங்குகிறவர்கள் பைத்தான்-எல்டாப்பையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எங்களைப் போல ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இடங்களில் 2.9.1 என்று எண்ணைப் பூட்டி வையுங்கள், அந்த வீல் ஃபைல்களை பைக்ரிப்டோடோமோடு சேர்த்து ஒரு ஃபோல்டரில் எடுத்து வையுங்கள், டேட்டா எண்களின் பட்டியலை அச்சடித்து ஹெல்ப்டெஸ்கில் போனை எடுப்பவரின் மேசையில் ஒட்டிவிடுங்கள்.